பெரியப்பா கேட்ட எண்ணெய்

சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் பாலாடை கிடக்கிறது. கைக்குழந்தை இல்லாத வீட்டில் இது எதற்கு என்று, பிள்ளைகளே, நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதில் கடைசியாகக் குடித்தவர் உங்கள் பெரியப்பா, என் அண்ணன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். முதுகெலும்பில் புற்றுநோய் வந்து மல்லாந்து படுத்தபின் டம்ளரில் குடிக்க முடியவில்லை. நான் வேலை முடிந்து வந்து பாலாடையில் கஞ்சித்தண்ணீர் ஊற்றுவேன். ஒவ்வொரு மடக்குக்கும், பெரிய பிரெஞ்சுத் துரைக்கு நன்றி சொல்வதுபோல், "மெர்சி முசே" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

பிறகு கிண்டல் நின்றுபோனது. "டேய், டாக்டர்கிட்ட சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிடச் சொல்லுடா. நாய்க்குப் போடறாங்கல்ல?" என்பார். முடியாது என்பேன். மறுநாளும் கேட்பார். ஒருநாள், "சரி, சாமியாரையாவது கூட்டிட்டு வா. எண்ணெய் பூசட்டும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. திருச்சபையின் நோயில் பூசுதல் சடங்குக்குச் சாமியாரை அழைப்பதை மூச்சு இழுக்கும்வரை தள்ளிப்போடுவது எங்கள் குடும்ப வழக்கம். அதனால் எண்ணெய் வந்தால் பின்னாலேயே சவப்பெட்டி வரும் என்று நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். ஊசி கிடைக்காததால் அண்ணன் எண்ணெயைக் கேட்டார்.

பங்குச் சாமியார் வந்து ஜெபித்து, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினார். அண்ணன் கண்ணை மூடிக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்னா சாமி, ஒண்ணும் ஆவலியே?" என்றார். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இது உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் பூசறது. உசுர இழுத்துப் புடிக்கற மெஷினெல்லாம் வேணாம்னா சொல்லுங்க, பாவமில்ல. வலிக்கு மருந்து கேளுங்க. ஆனா ஊசி போட்டுக் கொல்லச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வலியக்கூடத் தாங்கிடுவேன் சாமி. என் தம்பி மூஞ்சியப் பாருங்க. வேலைக்கும் போயி, எனக்கும் அள்ளிக்கொட்டி... எனக்கு முன்னாடி அவன் போயிடுவான் போலருக்கு."

நான் பாலாடையும் கையுமாக நின்றேன். அசதி உண்மைதான். அதை எங்கே ஒளித்துவைப்பது? "அண்ணே, வாயத் தொற" என்று மட்டும் சொன்னேன். திறந்தார். டாக்டர் வலி மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். உயிர் தானாகப் போகும்வரை அண்ணன் இருந்தார். சில நாள் அந்த "மெர்சி முசே"கூடத் திரும்பி வந்தது.

கேட்பவர்களுக்குச் சாவைக் கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று இப்போது டிவியில் பேசுகிறார்கள். இரக்கத்தோடுதான் பேசுகிறார்கள். அன்று அந்தச் சட்டம் இருந்திருந்தால், என் முகத்தைப் பார்த்தே அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தச் சட்டம் வேண்டாம் என்று திருச்சபை சொல்வதற்குப் படித்தவர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எனக்கும் வயதாகிறது. நான் படுத்தால் நீங்களும் அசந்துதான் போவீர்கள். சிரித்த முகம் தேவையில்லை, அந்த அசந்த முகத்தோடேயே வாருங்கள். பாலாடையை மட்டும் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.