யாரும் முந்தாத பந்தயம்: மல்லாவிக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

முதலில் ஒரு மன்னிப்பு. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஒருத்தி, மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதுவது சரியில்லைதான். இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில், குளம், கடற்கரை என்றே எழுதி வந்திருக்கிறேன். அதையும் இருபது முப்பது பேர் படிப்பீர்கள். ஆனாலும் ஆவணி மாதம் நான் பார்த்துவிட்டு வந்ததை வேறு யாரும் எழுதப் போவதாகத் தெரியவில்லை.

போன காரணம் இது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அதனால் மருந்துப் பெட்டியோ வங்கிக் கடிதமோ, ஆங்கிலத்தில் எது வந்தாலும் தெரிந்தவர்கள் என்னிடம் கொண்டு வருவார்கள். அப்படித்தான் சுகி அக்காவின் தாள்களும் வந்தன. அவர் என்னுடன் படித்த தோழியின் மூத்த சகோதரி; மல்லாவியில் இருக்கிறார். அவருடைய தம்பி டென்மார்க்கில் இருக்கிறார். அங்கே சிறு பிள்ளைகள்கூட ஓடும் ‘ஸ்பீட்வே’ என்ற பந்தயத்தின் விதிகளை அவர் அனுப்பியிருந்தார். வன்னியில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு லீக் தொடங்க வேண்டும் என்பது சுகி அக்காவின் ஆசை. நான் விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண் களத்தில் நீள்வட்டமாக நான்கு பேர் நான்கு சுற்று ஓட வேண்டும். ஒரே கியர். பிரேக் கிடையாது. திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கம். திருப்பத்தில் வண்டியைச் சரித்து, இரும்புத் தகடு பொருத்திய இடது சப்பாத்தை மண்ணில் இழுத்தபடி, பின்சில்லைச் சறுக்கவிட்டு வர வேண்டும். முதலாவதாக வருபவருக்கு மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று. கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை.

வவுனியாவில் காலை ஆறரைக்கு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். மாங்குளம் சந்தி வரை ஏறக்குறைய 45 கிலோமீற்றர். என்னிடம் 210 ரூபாய் வாங்கினார்கள். முன்பு இராணுவச் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையில் பஸ் நிற்காமலே போனது. பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் பழக்கத்தில் கைப்பையைத் திறந்து, அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

மாங்குளத்தில் இறக்கம் என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. நடத்துனர் கண்டுகொள்வார் என்று எழுந்து நின்றேன். கால் உளைவுக்கு நிற்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சந்தியைத் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்; ஒரு கிலோமீற்றர் வெயிலில் திரும்பி நடந்தேன். என்னைப் போன்றவர்கள் காசு கொடுக்கும்போதே இடத்தைச் சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்கு மேற்கே வேறு பஸ். 90 ரூபாய், முக்கால் மணித்தியாலம். தென்மேற்குக் கச்சான் காற்று புழுதியை வாரி யன்னலால் போட்டுக்கொண்டே வந்தது. இருபக்கமும் அறுவடை முடிந்த வயல், வற்றிய வாய்க்கால், மறுபடி பற்றைக்காடு. மல்லாவிக் கடையொன்றில் பிளேன்ரீயும் வடையும் எடுத்துவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீற்றருக்கு 700 ரூபாய்.

“சங்கத்துக் காணிக்கோ?” என்றார் ஓட்டோக்காரர். “அந்த மோட்டார் சைக்கிள் பழக்கிற இடம்? அது மிதிவெடி எடுத்த காணியெல்லே.”

“எடுத்து முடிஞ்சுதாம், அண்ணை.”

“ஓம் ஓம், முடிஞ்சு கனகாலம். காணி சுத்தம் எண்டு பேப்பரும் குடுத்தவை.” கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார்: “பேப்பரே தங்கச்சி நடக்கப் போகுது? மனுசரெல்லோ நடக்கிறது.”

தார் றோட்டில் இருந்து நூறு மீற்றர் மண் பாதையில் உள்ளே விட்டு என்னை இறக்கினார். நாலு லொறி திருப்புமளவுக்கு வெளி கிடந்தது. அவர் திருப்பவில்லை. வந்த சில்லுத் தடத்திலேயே, பின்னால் எட்டிப் பார்த்தபடி, றோட்டு வரை பின்பக்கமாகவே போனார்.

“திருப்ப இடமில்லையோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“இடம் கனக்கக் கிடக்கு,” என்றார், போய்க்கொண்டே.

சுகி அக்கா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு களத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார். “இறங்காமல் விட்டிட்டீரோ? முகத்தில தெரியுது,” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

அவர் பல வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். இந்தக் காணியையும் அவருடைய குழுதான் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகக் கிளறி விடுவித்தது. பிறகு அது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கைக்கு வந்தது. அதை இரவலாகக் கேட்டு வாங்கி நீள்வட்டக் களம் போட்டிருக்கிறார். உள் ஓரத்துக்குப் பழைய ரயர்கள். வெளி ஓரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. இரண்டுக்கும் நடுவே பத்து மீற்றர் அகலம், நாலு பேர் தோளோடு தோள் ஓடலாம். வண்டிகள் பழைய ஐம்பது சிசி. மல்லாவிக் கராஜ் ஒன்றில் ஒரு கியரை மட்டும் விட்டு, பிரேக்கைக் கழற்றியவை.

அன்றைய நாளில்தான் எல்லாம் தங்கியிருந்தது. மல்லாவியில் இருந்து நாலு பிள்ளைகள், ஓமந்தையில் இருந்து நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டு அணி இருந்தால் லீக் தொடங்கலாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பிறகு சேரும். ஆனால் பெற்றோர் பார்த்துவிட்டுச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சங்கம் காணியை மரமுந்திரிகை நடக் கொடுத்துவிடும். வேறு காணி சுகி அக்காவுக்குக் கிடைக்காது.

ஓமந்தையில் இருந்து மகனைக் கூட்டி வந்த தேவன் அண்ணை விதிகளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பிரேக் இல்லாத சைக்கிள் எங்கட வீட்டிலயே மூண்டு நிக்குது, பிள்ளை. அதுக்கு ஏன் மல்லாவி வரைக்கும் வரவேணும்?” எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அன்று யாரும் பெரிதாகச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் ஓட்டம் தொடங்கியது. நாலு வண்டிகளும் வரிசையாகப் புறப்பட்டன. முதல் திருப்பத்துக்குள் ஒன்றின் பின் ஒன்றாக உள் ஓரத்தை ஒட்டி அடங்கின. நாலு சுற்றும் அப்படியே ஓடி, அதே ஒழுங்கில் வந்து முடித்தன. இரண்டாவது ஓட்டமும் அப்படித்தான். மூன்றாவதும். உள் ஓரத்தில் தொடங்கியவர் முதலாவது, வெளி ஓரத்தில் தொடங்கியவர் கடைசி. ரயர்களை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் தடம் பள்ளமாகிக்கொண்டே போனது. மற்றப் பக்கம் முழுவதும் தண்ணீர் தெளித்தபடியே, ஒரு சில்லுக் கோடும் இல்லாமல் கிடந்தது.

“பாத்தீரே?” என்றார் சுகி அக்கா. “இது றேஸ் இல்லை. யாழ்தேவி றெயின்.”

“வெளியால போகச் சொல்லேல்லையோ?”

“நூறு தரம் சொல்லிட்டன். ஓம் மிஸ் எண்டுவினம். பிறகு முன்னால போறவன்ர தடத்திலதான்.”

நான் அவர்களுடைய கால்களைப் பார்த்தேன். மண்ணில் இழுக்க வேண்டிய இடது காலை எல்லாப் பிள்ளைகளும் நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மல்லாவிக் கொல்லர் செய்து கொடுத்த இரும்புத் தகடுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் மினுங்கின.

இந்தப் பிள்ளைகள் எல்லோரும் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் விறகுக்குப் போனாலும் மாடு தேடிப் போனாலும் தடத்தை விட்டு இறங்காதே என்றுதான் அவர்களையும் வளர்த்தோம். பள்ளிக்கூடத்திலும் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். முன்னால் ஒருவர் போன இடத்தில்தான் காலை வைக்க வேண்டும். அவர்கள் சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளைகள்.

இடைவேளையில் சுகி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கத்து மண்ணில் ஒரு முழுச் சுற்று நடந்து காட்டினார். “மாடு மேயுது, நான் நடக்கிறன். இன்னும் என்ன வேணும்?” என்று பெற்றோரைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்கள் பழகின கால், அக்கா,” என்றார் தேவன் அண்ணை. “உங்கட கால் வேற.”

கடைசி ஓட்டம். சுகி அக்காவின் மகள் அபி, பதின்மூன்று வயது, வெளி ஓரத்தில் இருந்து தொடங்கினாள். முதல் சுற்றில் அவளும் நாலாவது ஆளாகத் தடத்துக்குள் அடங்கினாள். இரண்டாவது சுற்றில் திருப்பம் வந்தபோது அவள் வண்டி மட்டும் வளையவில்லை. நேரே சுண்ணாம்புக் கோட்டை நோக்கிப் போய், அங்கே சரிந்து வளைந்தது. இடது கால் மண்ணில் விழுந்தது. தகடு மண்ணை உரசும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஒரு வண்டியைத் தாண்டினாள். அடுத்த திருப்பத்தில் இன்னொன்றை. தாண்டப்பட்டது தன் மகன் என்பதையும் மறந்து தேவன் அண்ணை எழும்பி நின்று, “அங்க பார், அங்க பார்,” என்றார். முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது.

“அபி! தடத்துக்க வா! தடத்தை விடாத!”

கத்தியது சுகி அக்கா.

அபி உடனே வேகத்தைக் குறைத்தாள். அம்மா சொன்னபடி உள்ளே வந்து, மற்ற மூன்று பேரும் போன பிறகு, அந்தப் பள்ளத் தடத்தில் கடைசியாக ஓடி முடித்தாள்.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சுகி அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஓமந்தைப் பிள்ளைகள் ஹெல்மெற்றைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தார்கள். தேவன் அண்ணை கையெழுத்து வைக்க வாங்கி வைத்திருந்த பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ, அக்கா. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்.”

“ஓம்,” என்றார் சுகி அக்கா.

அவர்கள் போன பிறகு சுகி அக்காவும் அபியும் நானும் ரயர்களின் மேல் இருந்தோம். “எனக்குத் தெரியும் அதுக்க ஒண்டுமில்லை எண்டு,” என்றார் சுகி அக்கா. “நான் கிளறின மண். சத்தியமாத் தெரியும். வாய் கேக்கேல்லை.”

அபி சப்பாத்தில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். “முன்னால போனவனையும் பிடிச்சிருப்பன்,” என்றாள்.

“ஓம். கண்டனான்.”

பிறகு அபி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்கள்தானே சட்டம் எழுதினது? வெளிப்பக்கத்தால முந்தலாம் எண்டு அதில கிடக்கு. அம்மாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழும்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னல் பக்க இடம் கிடைத்தது, எதையும் பார்க்கவில்லை. தாள்களில் நான் ‘முந்தலாம்’ என்று எழுதியபோது அது ஒரு வினைச்சொல்லாக மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சுகி அக்காமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மண்ணை அவர் சுத்தம் செய்தார். ‘தடத்தை விடாத’ என்ற அந்தச் சத்தத்தைத் தொண்டையில் இருந்து எடுக்க அவருக்கு யாரும் கருவி கொடுக்கவில்லை. என் அம்மாவும் அதைத்தான் கத்தியிருப்பார்.

இப்போது புரட்டாதி. ஓமந்தைப் பெற்றோர் இன்னும் யோசித்துச் சொல்லவில்லை. மாரி மழை தொடங்கும் வரை பார்ப்போம், பிறகு மரமுந்திரிகைதான் என்று சங்கம் சொல்லிவிட்டது. போன சனிக்கிழமை அபியும் மல்லாவிப் பிள்ளைகள் இரண்டு பேரும்தான் ஓடினார்களாம். அவர்கள் ஓடும்போது சுகி அக்கா களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மறுபடி கத்திவிடாமல் இருக்க. அதைத் தொலைபேசியில் அவரே சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமைகளில் காலை ஒன்பதில் இருந்து மதியம் வரை ஓட்டம். பின்னேரம் மல்லாவியில் இருந்து மாங்குளத்துக்கு பஸ் குறைவு; நாலு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். தண்ணீரும் தலைக்குத் துணியும் கட்டாயம். களத்தில் நிழல் இல்லை. வற்றாப்பளைக் கோயிலையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள். அது முல்லைத்தீவுப் பக்கம், முற்றிலும் எதிர்த்திசை. இன்னொன்று: வன்னியில் வேறெங்கே போனாலும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை கண்டால் உள்ளே போகாதீர்கள், ஆட்கள் நடந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதே வரிதான்.

இனி, கேட்கத் தயங்கிக் கடைசிவரை தள்ளி வைத்ததைக் கேட்கிறேன். மழை வருவதற்குள் ஒரு சனிக்கிழமை அங்கே வாருங்கள். பணம் வேண்டாம், வண்டி ஓடவும் வேண்டாம். ஓமந்தைப் பெற்றோரை இன்னும் ஒரு தரம் கூட்டி வருவதாகத் தேவன் அண்ணை அரை மனதோடு சொல்லியிருக்கிறார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, வெளிப்பக்கத்து மண்ணில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போங்கள். வெடி எடுக்கப் பழகாத சாதாரணக் கால்கள் அங்கே நடப்பதை அவர்கள் காண வேண்டும். சுகி அக்காவும் காண வேண்டும். அன்று அத்தனை நேரம் நின்றும் நான் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. அடுத்த சனி போகிறேன். எல்லோர் முன்னாலும் தனியாக நடக்க எனக்குக் கூச்சம். பயம் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன். யாராவது என்னோடு கூட நடப்பீர்களா?