இரண்டு கார்டும் என் பீரோவில்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரிக்கு மூட்டை ஏற்றி, பிறகு அதே லாரியை ஓட்டி, இன்று அச்சரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே சொந்தமாக புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். என் பீரோவில் வைத்த பொருள் வைத்தபடி இருக்கும். கருங்குழி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதனால்தான் என் வாசலில் வண்டி நிறுத்தும் வேன்காரன் என்னிடம் வந்தான். கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளைச் சேர்க்கிற பைத்தியம் அவனுக்கு. முன்பு முகம் தெரியாத ஒருவனை நம்பி ஒரு கார்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறான். மாற்றாக வந்த கவருக்குள் பிஸ்கட் அட்டையைக் கத்தரித்து வைத்திருந்தான் அந்தப் பாவி. வேன்காரனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நல்ல கார்டு, பந்துவீச்சாளர் ஒருவர் தன் கையால் கையெழுத்துப் போட்டது. அதற்குப் பதிலாகப் பழைய கார்டு ஒன்று தருவதாகக் கடற்கரைப் பக்கத்து டவுன்ஷிப்பில் குடியிருக்கும் உத்தியோகக்காரர் ஒருவர் போனில் கேட்டிருந்தார்.

"அண்ணாத்த, ரெண்டு கார்டும் உன்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் சரின்னா மாத்திக் குடு. இதுக்கு எஸ்க்ரோன்னு பேராம்."

"பேரு இன்னாத்துக்குடா? சந்தையில மாடு மாறும்போது கவுறு எவன் கையில இருக்கும்? நடுவுல நிக்கிறவன் கையிலதான்."

உத்தியோகக்காரர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என் பனியனைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

"ஏ.சி. இல்லையே. ஈரத்துல கார்டு வளைஞ்சிடுமே?"

"உங்க பேங்கு லாக்கர்ல இன்னா, ஃபேன் ஓடுதா?"

உத்தியோகக்காரர் லென்ஸ் வைத்து வேன்காரனுடைய கார்டைப் பார்த்துச் சரி என்றார். வேன்காரன், தன்னைப் போலக் கார்டு சேர்க்கிற தோஸ்து ஒருவன் செங்கல்பட்டிலிருந்து மறுநாள் வந்து அவர் கார்டைப் பார்க்கட்டும் என்றான். அவர் முகம் சுருங்கியது.

"என்மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்லாட்டி நான் எதுக்கு சார் நடுவுல?" என்று இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். இரண்டு பேர் விஷயத்தை ஒருவரிடம் தனியாகப் பேசுகிற வழக்கம் என்னிடம் கிடையாது. ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே வேன்காரன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அந்தப் பையன் கார்டை இன்னைக்கே குடுத்துடுங்க. எனக்கு ஊருக்கு ரயில் இருக்கு. உங்களைத் தனியா கவனிச்சுக்கறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "கவனிக்கிறியா? மூட்டை தூக்குனப்பவே எவன் கவனிப்பும் வாங்காதவன் நானு. வேன்காரன் இங்கதான் குந்திகினு கேட்டுகினு கீறான். அவன்கிட்டயே சொல்லு."

போன் கட் ஆனது.

மறுநாள் தோஸ்து வந்தான். தான் கொண்டுவந்த சாதாரணக் கார்டை உத்தியோகக்காரர் கார்டின் மேல் பொருத்தி வைத்தான். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டியவை. அவர் கார்டு ஒரு பக்கம் நூலளவு குறைந்தது. தேய்ந்துபோன ஓரத்தை பிளேடால் சீவிப் புதுசு போல் ஆக்கியிருக்கிறார்கள். சீவின கார்டை, கார்டு சேர்க்கிறவன் எவனும் தொடமாட்டானாம்.

ரயில் இருக்கிறது என்ற ஆள் ஊருக்கே போகவில்லை; வரவழைத்தேன்.

"நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் அவ்ளோ அவசரம்?" என்றான் வேன்காரன்.

அவர் என் பக்கம் கையை நீட்டி, "படிக்காத ஆளை நடுவுல வச்சா இப்படித்தான்," என்றார்.

அவர் கார்டை மேசைமேல் தள்ளினேன். "எடுத்துகினு கெளம்பு." வேன்காரன் கார்டை அவன் கையில் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

மறுவாரம் வேன்காரன் போனை நீட்டினான். "அண்ணாத்த, நீ ரௌடின்னு அந்த சாரு எங்க கார்டு குரூப்புல போட்டுக்கிறாரு."

"ரௌடிதான், ஆனா என் கார்டு என்கிட்ட பத்திரமா கீதுன்னு எழுதுடா."

என் எதிரிலேயே எழுதினான்.