கிரில் கதவுக்கு உள்ளேயிருந்து

ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று. கணவர் இறந்துவிட்டார், மகள் சிங்கப்பூரில். எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஓவியம் வரையலாம் என்று ஈப்போ நகர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நாலு மனிதக் குரல் கேட்குமே என்றுதான் போனேன்.

இடித்துப்போட்ட தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து பலகைக் கதவுகளைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். இந்த ஊரில் இனத்தைக் காரணம் காட்டி நடந்த ஒன்றை ஆளுக்கொரு கதவில் வரையவேண்டும் என்றாள் நடத்திய பெண்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் பால்மரத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு ஈப்போ வந்த புதிதில் வாடகை அறை தேடி அலைந்தேன். போனில் என் மலாய்ப் பேச்சைக் கேட்டு, இந்தியப் பெண் என்று தெரியாமல் வரச் சொல்வார்கள். நேரில் போனால், கிரில் கதவுக்கு உள்ளேயிருந்தே முகத்தைப் பார்த்துவிட்டு, அறைக்கு ஆள் வந்தாச்சு என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் மறைக்காமல், இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். அந்தக் கிரிலைத்தான் வரைந்தேன்.

பக்கத்துக் கதவு என் வயதுள்ள ஒரு சீனப் பெண்மணியுடையது. வெள்ளை பூசியதோடு சரி, அதில் ஒரு கோடுகூட அவர் போடவில்லை. பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து எனக்கும் ஊற்றுவார். முழங்கால் வலி, எட்டிப் பார்க்காத பிள்ளைகள் என்று மலாயில் பேசிக்கொண்டிருப்போம். வாரம் முழுக்க சனிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஐந்தாவது வாரம் என் கதவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்பாவுக்கு வாடகை வீடுகள் இருந்தன. இந்தியர் யாராவது வந்தால் கதவுக்கு என்னைத்தான் அனுப்புவார். ஆள் வந்தாச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன்.”

அந்த வீடுகள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். நான் அலைந்த பக்கமே அல்ல. இருந்தும், தூரிகை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போய், குழாயடியில் தேவைக்கு மேல் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

மகளிடம் போனில் சொன்னேன்.

“அவங்க உண்மையத்தானேம்மா சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒன்னும் சொல்லல லா.”



கண்காட்சி அன்று என் கதவின் முன்னால் கூட்டம் நின்றது. இளம் தாதி ஒருத்தி, போன மாதம் தனக்கும் இதேதான் நடந்தது என்றாள். எங்கே தங்கியிருக்கிறாள் என்று நான் கேட்பதற்குள் தோழிகள் அவளைக் கூட்டிப்போய்விட்டார்கள். வெறும் வெள்ளையாக நின்ற பக்கத்துக் கதவை எடுத்துவிடலாமா என்று நடத்திய பெண் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அவளிடமே எண் வாங்கி அந்தச் சீன அம்மாளைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

அன்றைக்கு எழுந்து போனது என் தப்பு, வாருங்கள் என்றேன்.  பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மண்டபம் பூட்டும்வரை அந்த வெள்ளைக் கதவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.