சாமி என்று சொன்னது யாரை?

சில ஆண்டுகளுக்கு முன், மிளகு பறிக்கும் பருவத்தில், கொல்லிமலையின் திண்ணனூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதே வழியில் போக வேண்டிய ஒரு பெண் துணைக்கு வந்தார். தலையில் மிளகு மூட்டை. பாரத்தோடு மெதுவாகத்தான் வர முடியும் என்று என்னை முன்னால் போகச் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் குழந்தைகளை மட்டுமல்ல, பெரியவர்களையும் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் நான் சாமி. தஞ்சாவூர்க்காரனான எனக்கு அது புதிது, பிடித்தும் இருந்தது.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

"நில்லுங்க சாமி."

குரல் உயரவில்லை. ஆனாலும் நின்றேன். பிறகுதான் பார்த்தேன். வலது பக்கம், சருகுகளின் மேல், என் முழங்கால் உயரத்துக்கு ஒரு நல்ல பாம்பு படம் எடுத்திருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். என் இடது கால் முன்னால் இருந்தது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

பின்னாலிருந்து மறுபடியும் அதே குரல். "போயிருங்க சாமி. அப்படியே போயிருங்க."

என்னைப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓடிவிடுவது என்று முடிவும் செய்தேன். கால் கேட்கவில்லை. தூக்கிய குதிகால் தூக்கியபடியே நின்றது. மூச்சு தானாகச் சிறுத்தது. இமைகூட அசையவில்லை. யாருடைய உடம்புக்குள்ளோ இருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

படம் மெல்லச் சுருங்கியது. பாம்பு தலையைத் தாழ்த்தி, சருகு சலசலக்க, பாறை இடுக்கில் நுழைந்தது.

அதன் பிறகே என் குதிகால் தரையில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் மூட்டையைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் போகச் சொல்லியும் என்னால் போக முடியவில்லை என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"உங்களைச் சொல்லலீங்க. அவுங்களைச் சொன்னேனுங்க" என்று பாறை இடுக்கைக் காட்டினார்.

முதல் சாமி நான். இரண்டாவது சாமி பாம்பு. மரியாதையில் அவர் எங்கள் இருவருக்கும் வித்தியாசம் வைக்கவில்லை. அந்தச் சொல்லை நம்பி ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் கடி என் காலில்தான் விழுந்திருக்கும்.

சற்றுக் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்தது. "உங்க காலு உங்களை விட வெவரமுங்க" என்றார். மூட்டையை அவர் தலையில் ஏற்றிவிட்டேன். மீதி வழியில் அவர்தான் முன்னால் நடந்தார்.

பாம்பு படம் விரித்ததற்கும் என் கால் உறைந்ததற்கும் ஒரே பயம்தான் காரணம் என்று போகப் போகத்தான் தோன்றியது. ஒன்றையொன்று தெரியாத இரண்டு உடம்புகள், ஒரு வார்த்தையும் இல்லாமல் தங்களைக் காத்துக்கொண்டன. இன்றும் சாலையைக் கடக்கையில் கால் திடீரென்று தயங்கினால், ஏன் என்று நான் கேட்பதில்லை, நின்றுவிடுகிறேன்.