ஜெசிந்தா முத்திரை குத்தாத வெள்ளிக்கிழமை

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் பாதி முகம் சவரமும் பாதி முகம் சோப்பு நுரையுமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பழைய அலுவலகத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெசிந்தாவின் படத்தைப் போட்டு, காலையில் இறந்துவிட்டார், நாளை பதினோரு மணிக்குப் புன்னைக்காயலில் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதமாக அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். இந்த லட்சணத்தில் சவரம் ஒரு கேடா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் மீதி முகத்தையும் வழித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிக் காகிதக் கட்டோடு அலைந்த உங்களில் பலருக்கு ஜெசிந்தாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மேலாளராக இருந்த கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் ஆவணப் பிரிவைப் பார்த்தவர் அவர். சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டோம் என்று கப்பல் தரப்பில் நாங்கள் கொடுக்கும் காகிதத்துக்கு பில் ஆஃப் லேடிங் என்று பெயர். அதைக் கொண்டுபோனால்தான் ஏற்றுமதியாளருக்கு வங்கியில் காரியம் நடக்கும். அதில் சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்று பொருள்படும் ‘ஷிப்ட் ஆன் போர்டு’ என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, தேதி போட்டு, ஜெசிந்தா இனிஷியல் வைப்பார். அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன். எங்கள் அலுவலகத்தில் அதுதான் வழக்கம்.

துறைமுகத்தில் இந்த ‘ஆன் போர்டு’ படாத பாடு படும். கண்டெய்னர் பெட்டி லாரியில் ஏறிவிட்டால் டிரைவருக்கு அது ஆன் போர்டு. லாரி கேட்டைத் தாண்டிவிட்டால் ஏற்றுமதியாளருக்கு ஆன் போர்டு. புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் தலைமை அலுவலகம் அவரையும் ஆன் போர்டு என்று கடிதம் எழுதும். மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்க நானே “ஆன் போர்டா?” என்றுதான் கேட்பேன். ஜெசிந்தா மட்டும் பிடித்த பிடியில் நிற்பார். “கேட் தாண்டினா கேட் தாண்டிருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி. கப்பல்ல ஏறினாத்தான் ஆன் போர்டு” என்று எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சாயங்காலம் பஸ் நிலையத்தில் அவர் கணவர் போன் போட்டு ஏறியாச்சா என்று கேட்டால், “பஸ் வந்து நிக்கு. நான் இன்னும் ஏறல” என்பார். பக்கத்தில் நின்று நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஒருநாள், “ஒரு காலப் படியில வச்சுட்டா பாதி ஆன் போர்டுன்னாவது சொல்லக்கூடாதா?” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். “எங்க ஊர்ல ஒருதடவ கடல் கெட்டுக் கிடந்தப்ப, ஒருத்தர் வள்ளத்துல போயிருக்காருன்னு யாரோ வாய்க்கு வந்தபடி சொல்லிட்டாங்க சார். வீடே அழுது தீத்துட்டு. ஆளு பெரியம்மா வீட்ல தூங்கிட்டு இருந்திருக்காரு. அதுல இருந்து எங்க வீட்ல, ஏறினதப் பாத்தவங்கதான் ஏறினாருன்னு சொல்லணும்.” அதற்குப் பிறகு நான் அந்தக் கிண்டலை விட்டுவிட்டேன்.

எத்தனையோ கப்பலுக்குக் காகிதம் எழுதியவர், வேலைக்கு வந்து பல வருடம் எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஒருமுறை கப்பல் அதிகாரி கேட்ட ஒரு விளக்கத்துக்காக அவரையே அனுப்ப வேண்டி வந்தது. பாஸ் வாங்கி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆடுகிற ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போய்ச் சேர்ந்ததும் கணவருக்குப் போன் செய்து, “இப்ப நான் ஆன் போர்டு” என்று சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதத்தைப் பார்த்தால் அந்தக் கப்பலே என்னுடையது என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். மலேசியாவுக்கு முதன்முதலாக ஒரு கண்டெய்னர் அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்பது வாங்குபவரின் வங்கி போட்ட நிபந்தனை. ஆடிக் காற்றில் கப்பல் உள்ளே வர முடியாமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பெட்டி துறைமுக யார்டில் கிடந்தது. “எப்படியும் நாளைக்கு ஏறிரும்லா அத்தான், இன்னைக்குத் தேதியப் போட்டுக் குடுங்க” என்று மைத்துனர் என் எதிரே உட்கார்ந்துவிட்டார். தம்பிக்கு இதுகூடச் செய்யமாட்டீர்களா என்று மனைவி போனில் கேட்டுவிட்டாள். நான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

“பெட்டி இன்னும் ஏறல சார்” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “மேனேஜர் நான் சொல்லுதேன், குத்தும்மா” என்று மைத்துனர் முன்னாலேயே சத்தம் போட்டேன். அவர் முத்திரையையும் மைப் பெட்டியையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “நீங்க மேனேஜர், குத்தலாம் சார். என் இனிஷியல் மட்டும் இருக்காது” என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

முத்திரையை எடுத்து மையில் ஒற்றிவிட்டேன். காகிதத்துக்கு மேலே கை நிற்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது. அது நேர்மை ஒன்றும் இல்லை. அவர் இனிஷியல் இல்லாத காகிதத்தில் என் கையெழுத்து மட்டும் தனியாக இருப்பதை நினைத்து நடுங்கிவிட்டேன். முத்திரையைக் கீழே வைத்தேன். மைத்துனர் முறுக்கிக்கொண்டு எழுந்தார். ஜெசிந்தாதான் அவரை உட்காரவைத்து, கப்பல் தாமதத்தைச் சொல்லி, கெடுவை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி வாங்குபவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தார். கெடு கிடைத்தது.

திங்கட்கிழமை தெரிந்தது, அந்தக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வரவே இல்லை. நேரமாகிவிட்டது என்று காத்திருந்த எல்லாப் பெட்டிகளையும் விட்டுவிட்டு நேரே கொழும்புக்குப் போய்விட்டது. நான் மட்டும் குத்தியிருந்தால், எங்கள் கரையையே தொடாத கப்பலில் கருப்பட்டி ஏற்றியதாக என் கையெழுத்து இருந்திருக்கும். வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும். கருப்பட்டி அடுத்த கப்பலில் நல்லபடியாகப் போனது. ஆண்டுக் கூட்டத்தில் தலைமை அலுவலகம், அவசரப்பட்டுக் காகிதம் கொடுக்காத என் முன்யோசனையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தியது. நானும் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஜெசிந்தா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நான் ஓய்வுபெற்ற நாள் வரைக்கும், அது உங்களால் வந்தது என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். தாங்க முடியாமல் அவர் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “எங்ககிட்ட அவ வேற மாதிரில்லா சொன்னா சார்” என்றார். “நான் இனிஷியல் போடல, அவ்வளவுதான், அத்தன பேரு நெருக்கியும் குத்தாம வச்சது எங்க சாருன்னுல்லா சொன்னா. பிள்ளையளுக்கும் அப்படித்தான் சொல்லிருக்கா.”

“நான் பயந்துபோய்த்தான் குத்தல” என்றேன்.

“அதையும் சொன்னா சார். பயந்துதான் போனாரு, ஆனா குத்தலன்னு.”

நாற்பது வருட உத்தியோகத்தில் என்னைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். பொன்னாடையோடு சொன்னார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொன்னார்கள். கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னவர் ஜெசிந்தா ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வரியை. பயந்துதான் போனார், ஆனால் குத்தவில்லை.