இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

என் தொழில் பத்திரம் எழுதுவது. தென்காசியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி பேப்பர் சிக்கும் ஒரு பிரிண்டர். யாருடைய வயலானாலும் நான்கு எல்லையையும் பிசகாமல் எழுதிவிடுவேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நஞ்சை என்று இருபத்தைந்து வருடமாக இதே வாக்கியங்கள். என் மனைவிக்கு மட்டும் நாலு வரி எழுத எனக்கு வந்ததே இல்லை.

அவள் நர்ஸ். தென்காசியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த வருடம், அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். வேலை கிடைத்ததும் என்னிடம் வந்து சொன்னாள்.

“எனக்கு நாப்பத்தி நாலு ஆவுது. இப்ப போவலன்னா இனிமே போவ மாட்டேன்.”

“போயிட்டு வா” என்றேன். சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன் என்று ஞாபகம். நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதல் ஆறு மாதம் போனில் பேசியதெல்லாம் விசாரிப்புதான். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, மோட்டார் சரியாகிவிட்டதா, மகள் பேசினாளா. ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு இருவரும் சும்மா இருப்போம். “சரி, வச்சிரவா?” என்று அவள்தான் கேட்பாள்.

ஒருநாள் ஒரு பாட்டை ஆடியோவாக அனுப்பினாள். அவள் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவரின் அறையில் ரெக்கார்டு பிளேயர் இருந்ததாம். எழுபதுகளில், கல்யாணமான புதிதில், மனைவிக்காக அவர் வாங்கிய இசைத்தட்டு அதில் ஓடும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவரின் காதல் பாட்டுகள். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருக்கு அதைக் கேட்டாக வேண்டும். அவருக்குக் கை நடுக்கம் என்பதால் ஊசியை எடுத்து வைப்பது இவள் வேலை.

“ஒரு தடவ கேட்டுப் பாருங்க” என்று எழுதியிருந்தாள்.

கேட்டேன். பிடிக்கவில்லை. ஓர் ஆண் இவ்வளவு குழைய வேண்டுமா என்று தோன்றியது. என் ஆங்கிலமோ பழைய பத்திரங்களைப் படிக்கிற ஆங்கிலம். பாதி புரியவில்லை. ஆனாலும் அவள் அனுப்பியது என்பதால், வேலை முடிந்து குற்றாலம் பக்கம் வண்டியை விட்டு, ஐந்தருவிச் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். சீசன் இல்லாத நேரம். கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. அந்தப் பாடகர் எடுத்த எடுப்பில் பாடவில்லை. முதலில் பேசினார். அடுத்த அறையில் இருக்கிற ஒருத்தியிடம் பேசுவது போல, அவசரமில்லாமல். கீழே பேஸ் கிடார் மெல்ல நடந்துகொண்டிருந்தது. வயலின்கள் கூட்டமாக வந்து விலகின. பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று பிடிக்க முடியவில்லை. அதைப் பிடிப்பதற்காகவே திரும்பத் திரும்ப ஓட்டினேன். டீ ஆறிவிட்டது.

பாட்டில் அந்த மனிதர் கெஞ்சினார். எங்கள் ஊரில் ஆண்கள் கெஞ்சி நான் பார்த்திருக்கிறேன். பாகப்பிரிவினையில் கையெழுத்து வாங்க அண்ணன் தம்பியிடம் கெஞ்சுவார்கள். மனைவியிடம் கெஞ்சியவரைப் பார்த்ததில்லை. நானும் கெஞ்சியதில்லை.

முழு ஆல்பத்தையும் போனில் தேடி எடுத்தேன். அவளுக்கு இடைவேளை விடும்போது எங்களுக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டால் ஏழரை. இருவரும் ஒரே நேரத்தில் பாட்டைப் போடுவது என்று பேசிக்கொண்டோம். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவள் எண்ணி முடித்ததும் அழுத்துவோம். நான் அந்த டீக்கடை பெஞ்சில்தான் இருப்பேன். கேட்கும்போது பேச மாட்டோம். முடிந்ததும் போன் வரும். சாப்பாட்டையும் மோட்டாரையும் விட்டுப் பேச எங்களுக்கு வேறு விஷயம் கிடைத்திருந்தது. ட்ரம்பெட் எங்கே நுழைகிறது, பின்னால் பாடுகிற பெண்கள் எத்தனை பேர் என்றெல்லாம் சண்டை போட்டோம்.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டுதான் அவளுக்குப் பிடித்தது. அர்த்தம் சொன்னாள்.

“அவ போயிட்டா. எப்ப வேணும்னாலும் வரட்டும், கதவப் பூட்டலன்னு சொல்லுதான்.” பிறகு, “நீங்க பூட்டுதீங்களா?” என்றாள்.

“பூட்டாம? சிலிண்டர், டிவி எல்லாம் கெடக்கே.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பத்து நிமிடம் கழித்து, வண்டியைக் கிளப்பும்போது தெரிந்தது. அதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் அந்த முதியவர் இறந்துபோனார். அறையைக் காலி செய்ய வந்த பிள்ளைகள், உனக்கு ஏதாவது வேண்டுமா என்று அவளிடம் கேட்டார்கள். இசைத்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜூலையில் ஒரு மாத விடுப்பில் வந்தபோது ஸ்வெட்டருக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் அதைப் போட எதுவும் இல்லை. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான்தான் பத்திரங்கள் எழுதுகிறேன். அவரிடம் பழைய பிளேயர் ஒன்று இருந்தது. சொன்னதும் பெல்ட் மாற்றி வைத்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் போனோம். நல்ல சாரல். தலையிலிருந்து எண்ணெய் வழிய ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் மாடிப்படியெல்லாம் ஈரக் கால்தடம்.

“ஊசி பழசு, பாத்துக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி. “கீழ ஆளுக நிக்காங்க. நீங்க இருந்து கேளுங்க.” கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.

எத்தனையோ மாதம் இந்தப் பொழுதை நினைத்திருந்தேன். நடந்தது வேறு. ஒரு சிறிய அறையில், ஓர் ஆண் வெட்கமே இல்லாமல் ஆசையைச் சொல்லிக்கொண்டிருக்க, இருபது வருடம் குடும்பம் நடத்திய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். அவள் சுழலும் தட்டைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தேன். முதல் பக்கம் அப்படியே முடிந்தது. ஊசி நடுவில் டக் டக் என்றது.

அவள் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டு, ஒரே அசைவில் ஊசியை இறக்கினாள். அவ்வளவு பழகிய கை. அந்தப் பழக்கம் வந்த நாட்களில் நான் அவள் பக்கத்தில் இல்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் சொன்னாள்: “அங்கன இருந்து கேட்டா உங்க நெனப்பு வரும். இங்கன உங்க பக்கத்துல இருந்து கேக்கேன், அந்தப் பெரியவரு ரூம் ஞாபகம் வருது. அந்த ஜன்னலு, அவரு போர்வ. என்னங்க இது?”

“எனக்கும் டீக்கடை பெஞ்சுதான் ஞாபகம் வருது” என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, “நீ கெளம்பும்போது, போவாதன்னு சொல்லணும்போல இருந்துச்சு” என்றேன். “சொன்னா நின்னுருவியோன்னுதான் சொல்லல.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்” என்றாள். “ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை குளிர்ந்து கிடந்தது, அவளுடையதா என்னுடையதா என்று சொல்ல முடியாது. மிச்சப் பாட்டுகளை அப்படியே இருந்து கேட்டோம்.

மாதம் முடிந்ததும் திரும்பிப் போனாள். செங்கோட்டை தாண்டும்வரை காரில் என்னென்னவோ பேசினாள். மலை ஏறியதும் தூங்கிவிட்டாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எழுப்பினேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

இப்போது வார்டு மாறிவிட்டது. அவள் இடைவேளை எங்களுக்கு மூன்றரை மணி, பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரிகிற நேரம். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்கிறேன். யாரோ அதிகாரி லைனில் இருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பண்பொழியிலிருந்து தானப் பத்திரம் எழுத வந்த அம்மா ஒருவர் மட்டும், “யாரு தம்பி?” என்று கேட்டார். “வீட்லதான்” என்றேன்.

பாட்டு முடிந்ததும் இப்போதெல்லாம் நானே முதலில் பேசுகிறேன். சரியாக வருவதில்லை, இருந்தாலும் பேசுகிறேன். போன வாரம், “ஏட்டி, நீ இல்லாம வீட்ல இருக்கவே பிடிக்கல” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.