விளக்குவதும் வெளுப்பதும்

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தையும் வெளக்குவோம், பல்லையும் வெளக்குவோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதாலோ என்னவோ, நான் என் பல்லை அடிபிடித்த சட்டியைத் தேய்ப்பது போலத்தான் தேய்த்தேன். பார்க்கவும் அது அப்படித்தான் இருந்தது. அவிநாசிக்கு வடக்கே எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு முன்பல்லில் பழுப்புத் திட்டு உண்டு. எனக்கு மட்டும் மேல்வரிசை முழுக்கப் படர்ந்திருந்தது. பாழாய்ப்போன தண்ணீர்.

பல்பொடி, கல்லுப்பு, எலுமிச்சந்தோல், சாம்பல், செங்கல்லை நுணுக்கிய தூள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர கறை அசையவில்லை. தண்ணீர்த் தொட்டியோரம் நின்று நான் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்து அம்மா சத்தம் போடுவாள்.

“அது பல்லா, அண்டாவா அம்மிணி? உட்டா சொரண்டியே எடுத்துருவியாட்ட இருக்குது!”

பள்ளிக்கூடத்தில் என் பெயர் ‘சாயப்பல்லு’. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பது தெரிந்தவர்கள், “துணிக்கு வெச்ச சாயத்த உங்கப்பா உனக்கும் அப்பிட்டாரா?” என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நான் சிரிப்பது என்றால் முதலில் கை போய் வாயைப் பொத்தும், பிறகுதான் சிரிப்பே வரும். அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று எனக்கே ஆத்திரம் வரும்.

உண்மையில் அப்பாவுக்குச் சாயத்தில் வேலை இல்லை. அதற்கு முந்தைய வேலை, துணியை வெளுப்பது. நூலைத் துணியாக்கும் நிட்டிங் கம்பெனியிலிருந்து மங்கலாக வரும் துணி அவர் மிஷினுக்குள் போய்ப் பால் நிறத்தில் வெளியே வரும். “எங்கிட்ட வந்த கறை எதுவும் நின்னதில்லீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படிப்பட்ட மனுசனுக்குச் சொந்த மகள் ஒரு கல்யாண வீட்டில், போட்டோ எடுக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து ஒரு பாட்டிலில் பெராக்சைடு கொண்டுவந்தார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பனியன் கம்பெனியில் சேரவிருந்த சமயம். வேஸ்ட் பனியன் துணியைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு, என்னை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்.

அம்மா ஓடிவந்தாள். “ஏனுங்க, துணிக்கு ஊத்தறதப் புள்ள வாயில ஊத்தறீங்களே, உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சுப்போச்சா?”

“தண்ணி கலந்துதான் வெச்சிருக்கறேன். பஞ்சு நூலையே ஒண்ணும் பண்றதில்ல, பல்ல என்ன பண்ணிரும்?” என்றார் அப்பா.

ஈறு வெளிறிப்போய், தண்ணீரில் ஊறிய விரல்நுனி போல் ஆகிவிட்டது. கண்ணில் நீர் கொட்டியது.

“எரியுதுங்கப்பா.”

“செத்த பொறு சாமி. நியூட்ரல் பண்ணிட்டாச் செரியாயிரும்.”

நியூட்ரல் என்றால், துணியை வெளுத்த பிறகு அதில் தங்கியிருக்கும் காரத்தை முறிக்க ஆசிட் தண்ணீரில் அலசுவது. அதைச் செய்யாமல் விட்டால் துணி நைந்து ஓட்டை விழும். எத்தனை அவசரமான ஆர்டராக இருந்தாலும் அப்பா அந்த வேலையைத் தாண்டிப் போனவர் இல்லை. அதற்கென்று இன்னொரு பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததுமே புளித்த நெடி மூக்கில் ஏறியது. அதைக் கொப்புளித்துத் துப்பச் சொன்னார். துணிக்குச் செய்கிற முறையில் ஒன்றையும் மறக்கவில்லை அவர். அவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாள் இல்லை.

ஆனால் பல் வெளுத்தது! பழுப்பு மங்கி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வெள்ளை வந்தது. கண்ணாடியை விட்டு நான் நகரவே இல்லை. அம்மாகூட, “அட, ஆமா!” என்றாள். அப்பா முகத்தில் இருந்த பெருமையை எப்படிச் சொல்ல? அதன்பின் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச மாதத்தில் பச்சைத் தண்ணீர் குடித்தால் பொட்டில் அறைவது போல வலித்தது. பிறகு வாயைத் திறந்தால் காற்றுப் பட்டே வலித்தது. கம்பெனியில் எனக்குச் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுகிற வேலை. கத்தரி கொடுப்பார்கள்தான். இருந்தாலும் அவசரத்துக்கு எல்லாரும் நூலைப் பல்லால்தான் கடிப்போம். அன்றைக்கும் கடித்தேன். நூல் அறவில்லை, பல்தான் போயிற்று.

உடைந்த துண்டு பீஸ்மேல் விழுந்தது. வெள்ளை டீசர்ட், வெள்ளைப் பல். கையால் தடவித் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

“என்னத்தத் தேடற கண்ணு?” என்று கேட்டார் சூப்பர்வைசர் அக்கா.

“பல்லக் காணோமுங்க.”

டேபிளே சிரித்தது. நான் நிமிர்ந்து வாயைத் திறந்து காட்டினேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

பல் டாக்டரிடம் அப்பாதான் கூட்டிப்போனார். வேலையிலிருந்து நேரே வந்ததால் சட்டையெல்லாம் அந்த நெடி. டாக்டரம்மா என் வாயை வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்ன போட்டுத் தேச்சீங்க?” என்று கேட்டார். அப்பா எதையும் மறைக்கவில்லை. பெராக்சைடைச் சொன்னார், ஆசிட்டைச் சொன்னார். பட்டறை முதலாளிக்கு விளக்குவது போல வரிசையாகச் சொன்னார்.

“அந்தக் கறை மேல ஒட்டுன அழுக்கு இல்லீங்க. பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஊறுனது. எதப் போட்டுத் தேச்சாலும் போகாது. நீங்க பல்லோட மேல்பூச்சையே கரைச்சுட்டீங்க.”

“நியூட்ரல் பண்ணுலீனா ஓட்ட உழுந்துருமுங்களே டாக்டரம்மா” என்றார் அப்பா.

“அது துணிங்க” என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. “மெத்துனு ஒரு பிரஷ், பட்டாணியளவு பேஸ்ட், காலையில ஒருக்கா, படுக்கப்போறப்ப ஒருக்கா. அழுத்தாம மெதுவாத் தேச்சாப் போதுமுங்க. பல்ல வெளக்கணும், வெளுக்கக் கூடாதுங்க.”

அப்பா தலையை ஆட்டினார். அதற்குள் வேர்வரை சீழ் வைத்திருந்தது. மேலே நான்கு முன்பற்களைப் பிடுங்கினார்கள். பத்தொன்பது வயதில் எனக்குப் பல்செட்.

அதற்குப் பிறகு அப்பா வீட்டில் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை. பட்டறையிலிருந்து வந்ததும் தோல் உரியும்வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார். அம்மா எனக்காக அழுதாள், அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் நின்று கேட்டுக்கொள்வார். என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. தப்பாகிப்போச்சு கண்ணு என்று ஒருதரம் சொல்லியிருந்தால் நானும் ஆசைதீரத் திட்டியிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார் மனுசன். அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அவரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். காலையில் டாக்டரம்மா சொன்னபடி அவளுக்கு மெதுவாகப் பல் தேய்த்துவிடுவேன், உள்பக்கம், கடைவாய் எல்லாம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அப்பா இருந்தால் டீ டம்ளரோடு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் நான் பல்செட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன். மகள், பொறுமையில்லாத கழுதை, பிரஷைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடிவிட்டாள்.

“அப்புச்சி, நீங்க வெளக்கி உடுங்க. ஆ!”

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “அம்மாகிட்டப் போ சாமி.”

“மாட்டேன். நீங்கதான்!”

அவர் என்னைப் பார்த்தார். ஒட்டிப்போன வாயோடு, கையில் நான்கு பற்களோடு நான் நின்றேன். பரவாயில்லைங்கப்பா, தேய்த்து விடுங்க என்று சொல்ல நினைத்தேன். பல்செட்டை மறுபடியும் குழாயில் பிடித்தேன்.

“அப்புச்சிக்கு வெளக்கத் தெரியாது கண்ணு” என்றார் அவளிடம். “வெளுக்கத்தான் தெரியும்.”

அவளுக்கு என்ன புரியும்? ஏதோ வேடிக்கை என்று நினைத்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். அப்பா அதைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.